சிவப்புக் குறி போட்ட பக்கம்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணாடிக் கடையின் பின்கிடங்குத் தரை நேற்று பிளந்துவிட்டது. முப்பத்தெட்டு தாள் கண்ணாடி போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் மனசு அங்கேயே நிற்கும்.

இப்போது விசாரிக்கிறேன். வயிற்றுப் புண் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ஆவணக் காப்பகத்துத் தூசியைத் தின்றே வயிற்றை நிரப்புகிறாயா? நான் சுகம். அத்தானும் சுகம், முழங்கால் மட்டும் அவ்வப்போது முணுமுணுக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். காகிதத்தில் அது உன்னால் முடியாது.

மூன்று வருஷத்தில் இது மூன்றாவது தடவை, அதே இடம். கொத்தனார் வந்து குந்திப் பார்த்துவிட்டு, "பூமி இழுக்குதும்மா" என்றார். "எதை இழுக்குது, உங்க கூலியையா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். விரிசல் நேராக ஓடவில்லை. பிறை மாதிரி வளைந்து, இரண்டு நுனியும் கால்வாய்ப் பக்கம் திரும்பியிருக்கிறது.

நீ இருபது வருஷம் சர்வேயராக இருந்தாய். அந்த வேலையையும் விட்டுவிட்டு, செத்துப்போன குதிரைகள் ஓடின மைதானங்களைத் தேடி அலைகிறாய். உயிரோடு இருக்கிற அக்காவின் தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல். இந்த இடத்தை விற்றுவிட்டுப் புறவழிச்சாலைக்குக் கடையை மாற்றுவதாக இருக்கிறேன். அதுவரை இது நிற்க வேண்டும்.

அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

வயிறு பரவாயில்லை. நான் காரத்தை விட்டுவிட்டேன், அது இன்னும் என்னை விடவில்லை. அத்தானின் முழங்காலை அதிகம் படியேற விடாதே.

உன் கடிதத்தை நின்றபடியே நான்கு தடவை படித்தேன். 'பிறை மாதிரி' என்ற இடத்தில் அடியில் மூன்று கோடு போட்டேன். சிரிக்காதே. இதுவரை முப்பத்தொரு பழைய பந்தய மைதானங்களை வரைபடத்தில் பிடித்துவிட்டேன். ஒன்று இன்று பஸ் டிப்போ. குதிரைகள் திரும்பின அதே வளைவில்தான் பஸ்கள் திரும்புகின்றன, ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாது. இன்னொன்றின் மேல் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் நடைக்கூடம் மட்டும் காரணமே இல்லாமல் வளைகிறது. முப்பத்திரண்டாவது நம் ஊர் மைதானம். ஒன்பது வருஷமாகத் தேடுகிறேன். பந்தயச் சீட்டு கிடைத்தது, ஜெயித்த குதிரைகளின் பெயர் கிடைத்தது, சுற்று ஒன்றேகால் மைல் என்று கிடைத்தது. இடம்தான் கிடைக்கவில்லை. 'கால்வாய்க்கு அருகே' என்று ஒரு வரி, 'வெற்றிக் கம்பத்துக்கு எதிரே கிணறு' என்று இன்னொரு வரி. கால்வாய் ஒன்பது மைல் ஓடுகிறது. கிணறுகளுக்குக் கணக்கே இல்லை.

ஓட்டத் தடத்தை மூன்றடி தோண்டி ஆற்று மணலும் இலை மக்கும் போட்டு நிரப்புவார்கள். குதிரைக் காலுக்கு அது இதம். சுவருக்கும் தூணுக்கும் ஆகாது, மெல்ல மெல்ல அமுங்கும். தடத்தின் விளிம்பில்தான் தரை பிளக்கும்.

அந்த விரிசலை எனக்கு அசல் அளவில் எடுத்து அனுப்பு. வளைவில் ஒரு துண்டு கிடைத்தால் முழுச் சுற்றையும் போட்டுவிடுவேன். காப்பகத்தின் அனுமதி மே மாதத்தோடு முடிகிறது, அதை விட்டு வர முடியாது. புத்தகம் ஜூனில் வெளியாகிறது. அதற்கு முன்பே நம் ஊர் நூலகத்தில் வரைபடத்தை மாட்டுவதாக நகராட்சியில் சொல்லியிருக்கிறார்கள். மாட்டுவதற்கு வரைபடம்தான் இல்லை.

தம்பி

*

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

லாரி பார்சலில் ஐந்து அட்டைகள் வருகின்றன. டேப்பைப் பிடித்து வளைவை அளக்கிறவர்கள் கடைசியில் கண்ணாடியைத்தான் உடைப்பார்கள். வளைந்த கடைமுகப்புக்கு நாங்கள் எப்படி அட்டையில் அச்சு வெட்டுவோமோ, அப்படியே விரிசலின் மேல் அட்டையைப் படிய வைத்து ஓரத்தை வெட்டிவிட்டேன். மொத்தம் இருபத்திரண்டு அடி. ஒன்றாம் எண் கதவோரம், ஐந்தாம் எண் கடைசிச் சுவர். கடை வழக்கப்படி சிவப்புப் பென்சிலால் குறியும் போட்டிருக்கிறது. தலைமயிர் அளவுக்குக்கூடப் பிசகாது.

நான் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தபோது எதிர்வீட்டு மெத்தைக்காரர் வந்து வாசலில் நின்றார். பஞ்சுத்தூசி என் கண்ணாடியில் படிகிறது என்று இருபது வருஷமாக அவரோடு எனக்குச் சண்டை. "என்னம்மா, தரைக்கும் கண்ணாடி போடப் போறீங்களா?" என்றார். "உங்க தூசிக்குத்தான் கூண்டு போடுறேன்" என்றேன். சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. பஞ்சை விடச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இடத்தை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போகப் போகிறார்.

அவர் இருக்கும்போதே ஒருவர் கண்ணாடி வாங்க வந்தார். வழக்கம்போல மோதிரத்தால் தட்டிப் பார்த்தேன், ஓசை சரியில்லை. ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு விரிசல். அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கொடுத்தேன். மெத்தைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "கேட்காமலே குறையைக் காட்டி விக்கிற கடை ஊரிலேயே இது ஒண்ணுதாம்மா." சைக்கிளில் படச்சட்டக் கண்ணாடி கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போன நாளிலிருந்து நான் அப்படித்தான். அதனால்தான் மூன்று கிடங்கு வைத்திருக்கிறேன் என்று அவருக்கு எப்படிப் புரியும்?

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலம்தானே? நான் மூன்று நாளாகத் தூங்காமல் நலம்.

கிடைத்துவிட்டது அக்கா! லாட்ஜ் அறையில் கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டு, அட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்தேன். வளைவு அப்படியே ஒன்றேகால் மைல் சுற்றுக்குப் பொருந்துகிறது. நுனி இரண்டும் தெருப்பக்கம் திரும்புகின்றன. தடம் உன் பின்கிடங்கின் மூலையை மட்டும் தொட்டுவிட்டு, தெருவைத் தாண்டி, மெத்தைக்காரர் இடத்துக்குள் நீளமாகப் போகிறது. மற்ற இரண்டு கிடங்குகளைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

ஒரே ஒரு சந்தேகம். முதல் கடிதத்தில் நுனிகள் கால்வாய்ப் பக்கம் என்று எழுதியிருந்தாய். அட்டை தெருப்பக்கம் என்கிறது. கண் ஏமாற்றும், அட்டை ஏமாற்றாது என்று அட்டையைத்தான் எடுத்துக்கொண்டேன். சிவப்புக் குறி போட்ட பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்தேன். சரிதானே? எங்கள் சர்வே அலுவலகத்தில் அப்படித்தான். ஒரு வரி எழுதிவிடு, போதும்.

தம்பி

*

மார்ச் 29

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. ஊரில் வெயில் ஏறிவிட்டது. அத்தான் புதுச் செருப்பு வாங்கினார், கடிக்கிறது என்று பழையதையே போட்டுக்கொண்டு போகிறார். நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. லாட்ஜில் கொசு இருந்தால் சொல், வலை வாங்கி அனுப்புகிறேன்.

பின்கிடங்கில் கம்பி கட்டித் தரை போட்டாகிவிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பெரிய அச்சகம் வைத்திருக்கிற ஒருவர் இடம் தேடிக்கொண்டிருக்கிறார். எட்டு டன் மெஷின் ஒன்று வருகிறதாம், கெட்டித் தரை வேண்டுமாம். மெத்தைக்காரர் இடத்தை அடிக்கு நூற்றுத் தொண்ணூறு என்று பேசி வைத்திருக்கிறார். போகிற வழியில் என் இடத்தையும் ஒரு பார்வை பார்த்தார்.

நீ கேட்டதற்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கடைக்கு ஆள் வந்துவிட்டது. பிறகு எழுதுகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? கொசுவலை வேண்டாம், இங்கே கொசுவுக்கே இடமில்லை.

உன்னிடமிருந்து பிறகு கடிதம் வரவில்லை. தவறாக இருந்தால் நீ சும்மா விடமாட்டாய், தந்தியே அடித்திருப்பாய். ஆகவே சரி என்று எடுத்துக்கொண்டு வரைபடத்தை முடித்து நூலகத்துக்கு அனுப்பிவிட்டேன். போன வாரம் மாட்டிவிட்டார்களாம். உள்ளூர்ப் பத்திரிகையிலும் சின்னதாக வந்திருக்கிறது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் இங்குள்ள அச்சகத்துக்குப் போய்விட்டன. முப்பத்திரண்டும் முடிந்தது.

கிணறுதான் இன்னும் உறுத்துகிறது. மெத்தைக்காரர் இடத்தில் பழைய கிணறு ஏதாவது இருந்ததா என்று கேட்டுச் சொல்கிறாயா?

தம்பி

*

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு.

மெத்தைக்காரரிடம் கேட்டேன். அவர் இடத்தில் கிணறு இருந்ததே இல்லையாம். உன் படத்தை நூலகத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். "என் இடத்துல குதிரை ஓடுச்சாமேம்மா! இருபது வருஷமா அங்கதான் படுத்துக் கிடக்கேன், ஒரு கனைப்புச் சத்தம் கேட்டதில்லையே. பேரப்பிள்ளைக்கு எழுதிப் போட்டுட்டேன், தாத்தா பந்தய மைதானத்துலதான் மெத்தை தைக்கிறேன்னு." இருமிக்கொண்டே போனார்.

இடம் தேடின அச்சகக்காரர் அவர் இடத்துப் பேச்சை விட்டுவிட்டார். நேற்று என்னிடம் வந்தார். என் முழு இடத்துக்கும் அடிக்கு இருநூற்றுப் பத்து தருகிறேன் என்கிறார். நல்ல விலை. பத்திரிகை படித்திருப்பார் போல. ஒரு மாசம் தவணை கேட்டிருக்கிறேன். எதற்குக் கேட்டேன் என்று அத்தான் கேட்கிறார். நான் எதற்கும் தவணை கேட்டவள் இல்லை.

இப்போதெல்லாம் கல்லாவில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கிடங்குத் தரையை மோதிரத்தால் தட்டுகிறேன். பிறகு நடுக்கிடங்குக்குப் போய் அதையும் தட்டுகிறேன். "தரையை யாருக்கு விக்கப் போறே?" என்று அத்தான் கேலி செய்கிறார்.

அச்சுக்குப் போன புத்தகத்தில் ஒரு பக்கத்தை மாற்ற எத்தனை நாளாகும்? சும்மா கேட்கிறேன்.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சும்மா எதையும் கேட்டதில்லை. பக்கம் அச்சாகிவிட்டது, பைண்டிங் நடக்கிறது. இனி எதையும் மாற்ற முடியாது.

என்ன விஷயம்?

தம்பி

*

மே 28

தம்பி,

அட்டைகளைப் புரட்டிப் போடு.

எங்கள் கடையில் சிவப்புக் குறி, சட்டத்தில் அமர்கிற பக்கத்துக்கு. அதாவது அடிப்பக்கத்துக்கு. வெளியே தெரிகிற பக்கத்தில் பென்சிலே படக்கூடாது என்று கைக்குப் பழக்கம். தரையில் படிந்த பக்கத்தில் குறியையும் எண்ணையும் போட்டு அனுப்பிவிட்டேன். உங்கள் ஆபீசில் குறி என்றால் மேல்பக்கம் என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் செய்தது. உன் மார்ச் கடிதம் வந்ததே, அதைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தடம் தெருவைத் தாண்டவே இல்லை. கால்வாய்ப் பக்கம்தான் திரும்புகிறது, என் மூன்று கிடங்கின் அடியிலும். மெத்தைக்காரர் இடத்தில் ஒரு பிடி மணல்கூட இருக்காது.

ஒரு வரி எழுதச் சொன்னாய். எழுதவில்லை. கடைக்கு ஆள் யாரும் வரவும் இல்லை.

நான் பொய் சொல்லவில்லையே, பேசாமல்தானே இருந்தேன் என்று இரண்டு மாசமாக எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். நேற்று மெத்தைக்காரர் வந்தார். அச்சகக்காரர் பத்திரிகை படித்துவிட்டு அவரை விட்டார் என்று நினைத்திருந்தேன் இல்லையா? பத்திரிகை வந்தபோது அச்சகக்காரர் ஊரில் இல்லவே இல்லையாம், எதையும் படிக்கவில்லையாம். மெத்தைக்காரர் தானே வலியப் போய், தன் இடத்துக்கு அடியில் தடத்து மணல் என்று சொல்லியிருக்கிறார்.

"ஏன் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன்.

"உங்களால வந்த வினைதாம்மா. குறையைக் காட்டி விக்கிறீங்கன்னு இருபது வருஷமா உங்களைப் பார்த்துச் சிரிச்சேன். இப்போ எட்டு டன் மெஷினை மணல் மேல நிறுத்துய்யான்னு சொல்ல எனக்கு வாய் வரல. போவட்டும், உங்களுக்காவது நல்ல விலை வந்துச்சே."

அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அதற்கு மேல் என் கையில் எதுவும் இல்லை.

அச்சகக்காரரிடம் முடியாது என்று இன்று காலை சொல்லிவிட்டேன். காரணமும் சொல்லிவிட்டேன். மெத்தைக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வயிற்றைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாசமாகிறது. நீ நலமா என்றாவது எழுது. திட்டுவதானால் திட்டி எழுது, எதுவாக இருந்தாலும் எழுது. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே நான் கடையை விட்டு இறங்கி நிற்கிறேன். கரண்டு பில்லைத் தவிர வேறெதுவும் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

அக்கா

*

ஜூலை 12

அக்கா,

அட்டைகளைப் புரட்டிப் போட்டேன். முழுச் சுற்றும் கால்வாயை ஒட்டி உட்கார்ந்துவிட்டது. வெற்றிக் கம்பம் உன் நடுக்கிடங்கின் மூலையில் வருகிறது. அதற்கு எதிரே, நீ கல்பலகை போட்டு மூடி மேலே தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறாயே, அதுதான் அந்தக் கிணறு. சின்ன வயசில் நாம் அதில் கல் போட்டு விளையாடியிருக்கிறோம். இதை நான் ஒன்பது வருஷம் தேடினேன்.

ஐநூறு பிரதியும் வந்துவிட்டது. முப்பத்தொரு பக்கம் சரி, ஒரு பக்கம் பொய். நான் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. பதில் வராததைப் பதிலாக எடுத்துக்கொண்டது என் தப்பு. முதல் கடிதத்தில் நீ கண்ணால் பார்த்து எழுதியதை நம்பாமல் விட்டதும் என் தப்பு. மற்றதை நேரில் பேசலாம்.

ஆகஸ்ட் 4 காலை வண்டியில் வருகிறேன். மண்வெட்டி இரண்டு வாங்கி வை. வரைந்தது போதும், தோண்டிப் பார்த்துவிடலாம்.

தம்பி

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? கிளம்பும்போது 'வயிறு பரவாயில்லை' என்று நீயாகவே சொன்னாய். கோபம் பாதி தணிந்தது என்று எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதியை வைத்துக்கொள், அது நியாயம்தான்.

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன். என் நடுக்கிடங்கில் மண்வெட்டி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி மூன்றடி இறங்கியதையும், மணலுக்குள் எட்டடிக்கு ஒன்றாக வேலிக்கம்பங்களின் உளுத்துப்போன அடிக்கட்டைகள் இருந்ததையும், மெத்தைக்காரர் இடத்தில் முதல் வெட்டிலேயே மண்வெட்டி 'டங்' என்றதையும் அச்சகக்காரர் உன் பக்கத்தில் நின்று பார்த்தார் அல்லவா? மறுநாளே மெத்தைக்காரர் இடத்தைப் பழைய பேச்சுப்படி நூற்றுத் தொண்ணூறுக்கே முடித்துவிட்டார்.

நீ வருவதற்கு முந்தின நாளே மெத்தைக்காரரிடம் எல்லாவற்றையும் என் வாயாலேயே சொல்லியிருந்தேன். முதலில், "அப்போ என் இடத்துல குதிரை ஓடலையா? பேரனுக்கு எழுதிட்டேனேம்மா!" என்றார். எழுந்து செருப்பை மாட்டும்போதுதான், "மூணு மாசம் கூடுதலா இந்தப் பஞ்சுல கிடந்து இருமினேம்மா" என்றார். போன புதன்கிழமை மகள் ஊருக்குப் போய்விட்டார். என் கண்ணாடியில் தூசி இல்லை. துடைக்கத் துணியை எடுத்துவிட்டு, துடைக்க ஒன்றுமில்லாமல் நிற்கிறேன்.

நாம் பேசிக்கொண்டபடி திருத்தத் தாள் அச்சாகி வந்துவிட்டது. நீ அனுப்பிய ஐநூறு பிரதியிலும் நானே ஒட்டுகிறேன். நூற்றுப் பன்னிரண்டு முடிந்தது, அத்தான் பசை தடவுகிறார். 'அட்டை புரட்டிப் படிக்கப்பட்டது' என்று மட்டும் நீ எழுதியிருந்தாய். அதன் கீழே 'கடைக்காரருக்கு இது தெரியும்' என்ற வரியை நான்தான் தாள் அச்சடித்த இடத்தில் சொல்லிச் சேர்த்தேன். ஒட்டியதைப் பிய்த்தால் பக்கமும் கிழியும், அதனால் சண்டைக்கு வராதே.

புறவழிச்சாலை இப்போதைக்கு இல்லை. முன்கடையையும் முன்கிடங்கையும் வைத்துக்கொண்டு, பின்னால் இருக்கிற இரண்டு கிடங்கின் இடத்தையும் கொடுத்துவிட்டேன். வாங்கினவர் செடி நாற்று வளர்த்து விற்கிறவர். கம்பி கட்டிப் போட்ட தரையை நானே உடைத்து அடியில் இருக்கிற விரிசலைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. குழிக்குள் இறங்கி, ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, "இந்த இலை மக்கு எங்க தேடினாலும் கிடைக்காதும்மா" என்றார். மக்குக்கு அவர் விலையைக் கூட்டினார், விரிசலுக்கு நான் குறைத்தேன். கிணறு என்னுடையதாகவே இருக்கும், நீ வந்து பார்ப்பதற்குத் தொட்டியை நகர்த்தி வைப்பேன். விலை அடிக்கு எண்பத்திரண்டு, விரிசல் உள்பட.

அக்கா